சனிக்கிழமை காலை பத்து மணி

செப்டம்பர் 6, சனி

இந்த டைரி கடையில் கொடுத்தது. புதுவருஷத்துக்குக் கஸ்டமர்களுக்குக் கொடுத்து மிஞ்சியதை எங்கள் கையில் திணித்தார்கள். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு பட்டுச்சேலைப் படம். இத்தனை நாள் அரிசி டப்பாவுக்கு மூடியாக இருந்தது. இன்றைக்கு யாரையாவது திட்டியாக வேண்டும். வீட்டில் நானும் ஒரு சுவர்க்கடிகாரமும்தான் இருக்கிறோம். கடிகாரம் என்ன பாவம் செய்தது?

என் பெயர் இசக்கிச்செல்வி. ஜவுளிக்கடையில் இரண்டாம் மாடி, சேலைப் பிரிவு. என் மகள் தன்ஷிகா அவள் அப்பாவிடம் இருக்கிறாள். மூன்றாம் வகுப்பு. சனிக்கிழமை காலை பத்திலிருந்து ஒரு மணிவரை குடும்ப கோர்ட்டில் உள்ள குழந்தைகள் அறையில் நான் அவளைப் பார்க்கலாம் என்று உத்தரவு. வாரம் முழுவதற்கும் சேர்த்து அந்த மூன்று மணி நேரம்தான் எனக்கு.

அதற்கு இன்று போகவில்லை. நேற்று ராத்திரி, சோற்றைத் தட்டில் போட்ட பிறகு, கடை வாட்ஸப் குரூப்பில் ஷிஃப்ட் பட்டியல் வந்தது. எனக்குக் காலை ஷிஃப்ட். நாளைக்கு யாருக்கு எந்த நேரம் என்பது எங்கள் கடையில் முந்தின ராத்திரிதான் தெரியும். வார லீவும் அப்படித்தான். பட்டியல் வந்ததும் எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கிய படத்தைப் போடவேண்டும். போடாதவர் பெயரை மறுநாள் காலை பிரேயரில் வாசிப்பார்கள். நானும் போட்டேன். ஒரு கையில் சோறு, இன்னொரு கையில் கட்டைவிரல்.

இன்று ஒரு கல்யாண பார்ட்டிக்கு மேசை நிறையச் சேலை விரித்தேன். ஒன்றும் எடுக்காமல் போய்விட்டார்கள். மடித்து முடிக்கும்போது மணி ஒன்று.

செப்டம்பர் 8, திங்கள்

வக்கீல் எஸ்தர் மேடம் வரச்சொன்னார்கள். வெள்ளத்துரை, அதாவது தன்ஷிகாவின் அப்பா, புது மனு போட்டிருக்கிறானாம். தாய் ஒழுங்காக வருவதில்லை, பிள்ளை காத்திருந்து ஏமாறுகிறது, ஆகவே சந்திப்பை நிறுத்தவேண்டும் என்று. நவம்பர் 19 விசாரணை.

"ஜட்ஜ் வருகைப் பதிவத்தான் பாப்பாங்க செல்வி. அதுல நீ வந்த நாளவிட வராத நாள்தான் கூட இருக்கு."

"வேல மேடம்."

"பிள்ளைய மொதல்ல அவங்கிட்ட கொடுத்ததே இந்த வேலையாலதான. தாய்க்கு வேலை நேரமே நிலையா இல்ல, பிள்ளைய யாரு பாப்பாங்கன்னு அன்னைக்கே கேட்டாங்க."

வேலையை விட்டுவிடட்டுமா என்று கேட்டேன். விட்டால் வருமானம் இல்லாத தாய் என்று அடுத்த மனு வரும் என்றார்கள். அதுவும் சரி. முன்னால் போனால் முட்டும், பின்னால் வந்தால் உதைக்கும்.

"வேலை நேரத்த முன்கூட்டியே சொல்லுங்கன்னு கடையில எழுதிக் கேளு. கேக்கதுக்கு உனக்கு உரிமை இருக்கு. வார லீவு எந்த நாளுன்னு எழுதி ஒட்டணும்னு கடைகள் சட்டத்துலயே இருக்கு. இத்தன வருசத்துல யாரும் கேட்டதில்லயா?"

யாரும் கேட்டதில்லை. நானும்தான்.

செப்டம்பர் 10, புதன்

மூன்று முறை எழுதிக் கிழித்தேன். "தயவுகூர்ந்து", "தாழ்மையுடன்", "கருணை உள்ளத்துடன்" என்று தானாக வந்து விழுகிறது. கிழிப்பதற்குள் கை வலித்துவிட்டது. நாலாவதில் தாழ்மையை எடுத்துவிட்டு எழுதினேன். சின்னதாகிவிட்டது. நன்றாகவும் இருக்கிறது.

செப்டம்பர் 11, வியாழன்

கோயில்பிச்சை அண்ணாச்சியிடம் கொடுத்தேன். எங்கள் ஃப்ளோர் மேனேஜர். கெட்ட ஆள் என்று சொல்ல வாய் வரவில்லை, நல்ல ஆள் என்று சொல்ல மனசு வரவில்லை. கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு படித்தார். அப்படியானால் படிக்கவில்லை என்று அர்த்தம்.

"என்னம்மா இது புதுசா? எல்லாரும் சனிக்கிழம லீவு கேட்டா கடைய எவன் நடத்துவான்?"

"லீவு கேக்கல அண்ணாச்சி. சனிக்கிழம மத்தியானத்துல இருந்து கடை சாத்துத வரைக்கும் நிக்கேன். எந்த நாளு எந்த நேரம்னு ரெண்டு வாரத்துக்கு முந்தியே சொல்லுங்கன்னுதான் கேக்கேன். எனக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும்."

"எனக்கே மொதலாளி ராத்திரிதான் சொல்லுதாவ. நான் உனக்கு எங்க இருந்து முந்திச் சொல்ல?"

"அப்ப நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்க."

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் அக்கம்பக்கம் பார்த்தார்.

போகும்போது, "சேலை செக்‌ஷன்ல கம்மல் போடாம நிக்கக்கூடாதுன்னு எத்தன தடவ சொல்லுதேன்" என்றார். இடது காதில் போட முடியாது என்று அவருக்குத் தெரியும். ஓட்டை பிய்ந்துபோய் இருக்கிறது. அது பிய்ந்தது ஒரு நாள். அதைப் பற்றி இங்கே எழுத ஒன்றுமில்லை.

செப்டம்பர் 13, சனி

போனேன்! காலை ஷிஃப்டை ஜெமிலா எனக்காக மாற்றிக்கொண்டாள். பக்கத்து மேசைக்காரி, மேலப்பாளையத்துப் பிள்ளை. வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம்.

தன்ஷிகா நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதினாள். பதினொன்று வரைக்கும் தலை நிமிரவில்லை. முறுக்கு கொடுத்தேன், பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"அம்மாகிட்ட பேச மாட்டியா?"

"நீ வர மாட்டேன்னு நெனச்சுதான் ஹோம்வொர்க் கொண்டுவந்தேன்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மழை வரும் என்று குடை எடுத்துவந்த மாதிரி சொன்னாள். அந்த அறையில் மின்விசிறிக்கு மேலே தூசி நிறைய. கண்ணில் விழுந்து திரும்பி வரும்வரை உறுத்தியது.

செப்டம்பர் 16, செவ்வாய்

ஜெமிலாவைக் குடோனுக்கு மாற்றிவிட்டார்கள். "கேக்காம ஷிஃப்ட் மாத்தினதுக்கு." அங்கே ஜன்னல் கிடையாது. நான் இறங்கிப் போய்ப் பார்த்தேன். மூட்டை பிரித்துக்கொண்டு நிமிராமலே சொன்னாள்: "யக்கா, இனிமே எங்கிட்ட மாத்திக் கேக்காத. நான் மாட்டேன்னு சொல்லவும் முடியாது, சரின்னு சொல்லவும் முடியாது."

கேட்கமாட்டேன் என்றேன். சாயங்காலம் பஸ்ஸில் இருவரும் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து வந்தோம்.

செப்டம்பர் 20, சனி

மதிய ஷிஃப்ட் விழுந்தது. போனேன். இன்றும் ஹோம்வொர்க். முறுக்கை மட்டும் அங்கேயே தின்றாள்.

செப்டம்பர் 25, வியாழன்

என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

நேற்றுச் சாயங்காலம் பஸ்ஸில் நல்ல கூட்டம். ஒரு கை கம்பியில், தோளில் பை. போன் அடித்தது, குரூப்பில் ஏதோ நீளமாக வந்திருந்தது, கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். நானும் போட்டுவிட்டுப் போனைப் பைக்குள் போட்டேன். வீட்டுக்கு வந்து, குளித்து, ரசத்தைச் சுடவைத்து, பிறகுதான் படித்தேன்.

"தீபாவளி சீசன் முடியும்வரை முந்தைய நாள் இரவு அறிவிக்கப்படும் ஷிஃப்டுக்கும் விடுமுறை மாற்றத்துக்கும் ஊழியர்கள் அனைவரும் மனமுவந்து சம்மதிக்கிறோம்."

மனமுவந்து! பதறிப்போய் விரலை எடுத்தேன். இன்று காலை என் விண்ணப்பத்துக்குப் பதில் கொடுத்தார்கள். ஊழியரே குரூப்பில் சம்மதித்திருப்பதால் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. என் விரல் இருக்கும்போதே போட்டோ எடுத்து பிரிண்ட் போட்டுப் பின்னால் குத்தி வைத்திருக்கிறார்கள். என் பெயருக்கு மட்டும் மஞ்சள் அடித்திருக்கிறது.

அந்த மெசேஜைப் படித்துவிட்டு விரல் போட்டது யார் என்று கேட்டுப் பார்த்தேன். ஒருத்தரும் இல்லை. தட்டில் சோறு விழுந்தால் கை தானாக வாய்க்குப் போவதில்லையா, அப்படித்தான் எங்களுக்கு இது.

செப்டம்பர் 27, சனி

போகவில்லை. போகமுடியவில்லை. கோர்ட் பதிவேட்டில் இரண்டுக்கும் ஒரே எழுத்துதான்.

செப்டம்பர் 29, திங்கள்

தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போனேன். உதவி ஆய்வாளர் ஒரு பெண். மேசையில் ஒரு துணிப்பை, அதிலிருந்து முருங்கைக்கீரை எட்டிப் பார்த்தது. எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

சொல்லி முடித்ததும், "சனிக்கிழமை காலைதான் உங்களுக்கு வேணும். அத மட்டும் கேட்டிருக்கலாமே, எல்லாருக்கும் பட்டியல் ஒட்டணும்னு எதுக்குப் போட்டீங்க?" என்று கேட்டார்கள்.

"எனக்கு மட்டும்னா அது தயவு மேடம். தயவ எப்ப வேணாலும் திரும்ப எடுத்துக்கிடுவாங்க."

புகாரை வாங்கிக்கொண்டு முத்திரை குத்தினார்கள். அந்தச் சத்தம் பிடித்திருந்தது.

திரும்பும் வழியில் ரேஷனில் சீனி வாங்கினேன். புழுங்கலரிசி நாளைக்குத்தான் வருமாம்.

அக்டோபர் 4, சனி

காலை ஷிஃப்ட். போகவில்லை. எழுதவும் பிடிக்கவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

நேற்றும் போகவில்லை. சீசன் ஆரம்பித்தால் கடையில் ஈ நுழைய இடமிருக்காது, வார லீவும் கிடையாது. காலுக்கு வெந்நீர் ஒத்தடம். விழாக்காலத்தில் பாட்டு வேறு போடுகிறார்கள், அதே பாட்டை நாள் முழுக்க. எனக்கு இப்போது தூக்கத்திலும் அது ஓடுகிறது.

கடைக்கு நோட்டீஸ் போய்விட்டது போலிருக்கிறது. பிரேயரில் முதலாளியே வந்து பேசினார். "இது குடும்பம் மாதிரி. குடும்பத்து விஷயத்த வெளிய கொண்டுபோறவங்கள என்ன சொல்ல?" என்றார். எனக்குக் குடும்ப விஷயத்தைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோய்ப் பழக்கம்தான். அதனால் குனியாமல் நின்றேன்.

கடைப் பிள்ளைகள் என்னிடம் பேசுவதைக் குறைத்துவிட்டார்கள். ஆனால் டாய்லெட்டில் ஒருத்தி கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள். யாரென்று எழுதமாட்டேன்.

அக்டோபர் 17, வெள்ளி

கோயில்பிச்சை அண்ணாச்சி மாடிப்படியில் நிறுத்தினார்.

"ஏம்மா, மொதலாளிகிட்ட பேசிட்டேன். உனக்கு மட்டும் சனிக்கிழம காலைய விட்டுருதோம். நாளைக்கே பிள்ளையப் போய்ப் பாரு. கம்ப்ளெய்ன்ட்ட மட்டும் வாபஸ் வாங்கிரு."

நாளைக்கே! பொய் எழுத என்ன இருக்கிறது, சரி என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தீபாவளிக்கு அவளுக்கு ஒரு பாவாடை எடுத்து வைத்திருக்கிறேன். அதை நாளைக்கே கொடுத்திருக்கலாம்.

"எழுதித் தாங்க அண்ணாச்சி."

"வாய் வார்த்ததான். எழுத்தெல்லாம் எதுக்கு, நான் இருக்கேன்லா?"

"நீங்க இருக்கீய. நாளைக்கு உங்களையும் குடோனுக்குத் தூக்கிப் போட்டா?"

கீழே குடோனில் ஜெமிலா தும்முவது படிவரைக்கும் கேட்டது.

"அப்ப வேண்டாம்" என்றேன். சொல்லிவிட்டு மேலே வந்து, ஒரு கிழவிக்கு மயில்கழுத்துப் பச்சையில் சேலை எடுத்துக் காட்டினேன். ஒன்றைப் பார்த்து முடிக்குமுன் அடுத்ததை விரித்துவிட்டேன். கிழவி, "ஏட்டி, மெதுவா காட்டு, நான் எங்க போகப்போறேன்" என்றாள்.

அக்டோபர் 18, சனி

காலை ஷிஃப்ட் போட்டிருந்தார்கள். எதிர்பார்த்ததுதான். பாவாடை பீரோவில் இருக்கிறது.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

தூங்கினேன்.

அக்டோபர் 29, புதன்

இதை ஒழுங்காக எழுதவேண்டும்.

தொழிலாளர் துறையில் அதே உதவி ஆய்வாளர் அறை. நான் ஒரு பக்கம். எதிரில் கடை வக்கீல், கோயில்பிச்சை அண்ணாச்சி. முதலாளி வரவில்லை. கூட வரக்கூடியவர்கள் யாராவது உண்டா என்று ஆய்வாளர் போன வாரம் கேட்டபோது இல்லை என்றுதான் சொல்லியிருந்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு ஜெமிலா வந்தாள். முகத்தில் குடோன் தூசி. என்னைப் பார்க்காமல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கடை வக்கீல் அந்த மஞ்சள் அடித்த பிரிண்டை நீட்டினார். "மனுதாரரே சம்மதம் கொடுத்திருக்காங்க மேடம். எல்லா ஊழியர்களும் கொடுத்திருக்காங்க. யாரும் கட்டாயப்படுத்தல."

"இது நீங்க போட்டதா?" என்று ஆய்வாளர் என்னைக் கேட்டார்கள்.

"ஆமா மேடம். பஸ்ஸுல நின்னுக்கிட்டுப் போட்டேன்."

"படிச்சீங்களா?"

"இல்ல மேடம்."

"படிக்காம போட்டா யாரு பொறுப்பு?" என்றார் வக்கீல். அந்தக் கேள்வியைத்தான் ஒரு மாதமாக நானே என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அப்போது ஜெமிலா போனை எடுத்துத் தேய்த்துக்கொண்டே போனாள். மேலே, மேலே. "மேடம், நான் ஒண்ணு காட்டட்டா?" மேசையில் வைத்தாள். ஆடி மாதத்து மெசேஜ். முதலாளியின் தந்தையார் இயற்கை எய்தினார், நல்லடக்கம் நாளை, கடை மதியம்வரை விடுமுறை. அதற்குக் கீழே எங்கள் எல்லோருடைய கட்டைவிரலும்.

"மொதலாளி அத்தா மவுத்தானதுக்கும் நாங்க இதத்தான் போட்டோம் மேடம். அவ்வோ மவுத்துக்கு நாங்க மனமுவந்து சம்மதிச்சோம்னு ஆயிருமா?"

ஆய்வாளர் போனை எடுத்துப் பார்த்தார்கள். உதட்டைக் கடித்துக்கொண்டு கோயில்பிச்சை அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீங்களும் போட்டிருக்கீங்களே?"

"நாந்தான் மேடம் மொத ஆளு" என்றார் அண்ணாச்சி. வேறு என்ன சொல்வார், பாவம்.

அதற்குப் பிறகு அந்த பிரிண்டை யாரும் தொடவில்லை. "வார லீவு விவரம் எங்க ஒட்டியிருக்கீங்க?" என்று ஆய்வாளர் கேட்டார்கள். போர்டு இருக்கிறது என்றார் அண்ணாச்சி. அதில் என்ன இருக்கிறது? கடைத் திறப்புவிழா போட்டோ இருக்கிறது.

"சட்டத்துல உள்ள அளவுக்கு நான் செய்யச் சொல்லிதான் ஆகணும். சீசன்ல வார லீவு கொடுக்காததையும் எழுதவேண்டி வரும்" என்று ஆய்வாளர் வக்கீலைப் பார்த்துச் சொன்னார்கள். "மத்தத நீங்க ரெண்டு பேரும் பேசி ஒத்துக்கிட்டா, கையெழுத்து வாங்கி வச்சுக்கிடுவேன்."

வக்கீல் வெளியே போய் ரொம்ப நேரம் போன் பேசினார். திரும்பி வந்து ஒத்துக்கொண்டார். இரண்டு வாரத்துக்கான ஷிஃப்டும் லீவும் முன்கூட்டியே போர்டில் ஒட்டப்படும். இடையில் மாற்றவேண்டுமானால் அந்த ஆளிடம் நேரில் கேட்கவேண்டும், குரூப்பில் அல்ல. எழுதிக் கேட்டால் காரணத்தோடு எழுதிப் பதில். எனக்குச் சனிக்கிழமை மதிய ஷிஃப்ட். ஜெமிலா சேலைப் பிரிவுக்குத் திரும்புவாள். கடைசி வரியை நான்தான் சொல்லிச் சேர்க்கவைத்தேன்.

வெளியே வந்து இருவரும் கரும்புச்சாறு குடித்தோம். "மாட்டேன்னு சொன்னியே" என்றேன். "ஷிஃப்ட் மாத்தத்தான் மாட்டேன்னேன் யக்கா" என்றாள். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது.

நவம்பர் 3, திங்கள்

போன சனிக்கிழமையும் பழைய பட்டியல்படியே போய்விட்டது. இன்று புதுப் பட்டியல் ஒட்டிவிட்டார்கள். திறப்புவிழா போட்டோவைக் கழற்றிய இடத்தில் போர்டு வெள்ளையாக இருந்தது. பிரேயர் முடிந்ததும் கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி கூட்டம். ஒருத்தி விரல் வைத்துத் தேடுகிறாள், ஒருத்தி போட்டோ எடுக்கிறாள். பில்லிங்கில் இருக்கும் பிள்ளை தட்டச்சு வகுப்பில் சேரப் போகிறாளாம், எந்த நாள் என்று இப்போதுதான் சொல்ல முடிகிறதாம்.

எல்லோரும் கலைந்த பிறகு கோயில்பிச்சை அண்ணாச்சி தனியாக நின்று தன் பெயரைத் தேடினார். ஞாயிற்றுக்கிழமை லீவு.

"எம் பொஞ்சாதி நம்பவே மாட்டா" என்றார், சுவரிடம்.

நவம்பர் 8, சனி

போனேன். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். அவள் வந்ததும் நோட்டை எடுத்தாள், வைத்தாள். பாவாடையைக் கொடுத்தேன். இடுப்பு கொஞ்சம் இறுக்கம், வளர்ந்திருக்கிறாள். பிரித்துத் தைத்தால் சரியாகிவிடும் என்றேன்.

பின்னலைச் சரிசெய்யக் கிட்டே வரச்சொன்னபோது என் இடது காதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் வலிக்குதா?"

ஆறிப்போய் மூன்று வருஷம் ஆகிறது. "இல்ல" என்றேன். காது பிய்ந்த அன்றைக்கு அவள் தூங்கிக்கொண்டிருந்தாள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

பின்னலை இரண்டு முறை அவிழ்த்துப் பின்னினேன்.

நவம்பர் 15, சனி

போனேன். ஹோம்வொர்க் கொண்டுவரவில்லை.

நவம்பர் 19, புதன்

மதிய ஷிஃப்ட் என்று போர்டிலேயே இருந்ததால் யாரிடமும் கெஞ்சாமல் கோர்ட்டுக்குப் போனேன். எஸ்தர் மேடம் கடையின் ஒப்பந்த நகலையும் போர்டின் போட்டோவையும் கொடுத்தார்கள். வெள்ளத்துரையின் வக்கீல் பழைய பதிவேட்டைப் புரட்டிப் புரட்டிக் காட்டினார். ஜட்ஜ் அம்மா இரண்டையும் பார்த்தார்கள். "இவங்க வராததுக்குக் காரணம் இருந்திருக்கு. அந்தக் காரணத்த இவங்களே போய்ச் சரிபண்ணிட்டு வந்திருக்காங்க. இப்ப நான் எதுக்கு நிறுத்தணும்?"

மனு தள்ளுபடி. சனிக்கிழமை எனக்குத்தான்.

வெள்ளத்துரை வராந்தாவில் என்னைக் கடந்து போனான். எப்போதும் நான்தான் ஒதுங்குவேன். இன்று ஒதுங்க மறந்துவிட்டேன், அவன் சுற்றிக்கொண்டு போனான்.

நவம்பர் 22, சனி

காலையில் நல்ல மழை. பஸ் வருமோ வராதோ என்று ஆட்டோவில் போனேன். தன்ஷிகா எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் பேசுகிற மாதிரி பேசிக்காட்டினாள். சிரிப்பு அடங்கவில்லை. முறுக்கு முழுவதையும் தின்றுவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று பையைத் துழாவினாள்.

ஒரு மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு எழுந்தவள் வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள்.

"ம்மா, அடுத்த சனிக்கிழம நான் வர மாட்டேன். லக்‌ஷிதா பர்த்டே. கேக் வெட்டுவாங்க. நீ பாட்டுக்கு வந்து உக்காந்திராத."

கண்டிப்பான குரல். நான் கஷ்டப்பட்டு முகத்தை வைத்துக்கொண்டு, சரி என்றேன். கோர்ட் குமாஸ்தா என்னைப் பாவமாகப் பார்த்தார்.

அவருக்கு என்ன தெரியும்? ஒரு வாரத்துக்கு முன்பே சொல்லியிருக்கிறாள். எங்கள் முதலாளி இத்தனை வருஷத்தில் செய்யாத காரியம். அம்மா வரமாட்டாள் என்று நினைத்தால் யாராவது இப்படி முன்கூட்டிச் சொல்வார்களா? பஸ் ஸ்டாப்பில் மழைக்கு ஒதுங்கி நின்றுகொண்டு நான் தனியாகச் சிரித்தேன், அழுதேன். பக்கத்தில் நின்ற அம்மா என்ன விஷயம் என்று கேட்டாள்.

"எம் பிள்ள லீவு சொல்லியிருக்கா" என்றேன்.